பத்தரை மணிக் காட்சிக்கு வாப்பா வந்திருந்தார்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஷப்னா தொலைபேசியில் அழுதாள் என்று தொடங்கினால் உங்களுக்குப் பிடிக்கும். அவள் அழவில்லை, ஏசினாள். மன்னார் நகரத்துத் தியேட்டர் ஒன்றை (பெயரைச் சொல்லப் போவதில்லை, இந்தக் கதையால் அவர்களுக்கு விளம்பரம் ஒரு கேடா?) அரை மணித்தியாலம் ஏசினாள். ஏசி முடித்துவிட்டுச் சொன்னாள்:

"இதை எழுதுங்கோ அக்கா. அழகாக்காம எழுதுங்கோ."

அழகாக்காமல் எழுத எனக்கு வராது. இருந்தாலும் பார்க்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "பாலத்தைத் தாண்டும்போது இருபக்கமும் கடல் வெள்ளியாய்—" வேண்டாம். வெள்ளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பஸ்ஸில் நெரிசல்.

இரண்டாம் தொடக்கம்: "சாஹுல் ஹமீட் வாழ்நாளில் தியேட்டர் வாசலை மிதித்ததில்லை." இது பொய். இளவயதில் மிதித்திருக்கிறார், வீட்டில் சொல்வதில்லை.

சரி, நேரே சொல்கிறேன். முசலியில் சாமான் கடை வைத்திருக்கும் சாஹுல் ஹமீட்டின் மகள் ஷப்னா. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் சிலர் முசலிக் கரையில் வந்து எடுத்த படத்துக்கு அவள்தான் ஒலிப்பதிவு. அடுத்த படத்துக்கு யாழ்ப்பாணம் வரச்சொல்லிக் கேட்கிறார்கள். வாப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"முதல்ல படத்தைப் பாப்பம். பாத்திட்டுச் சொல்லுறன்."

மன்னாரில் அந்தப் படத்துக்கு வியாழக்கிழமை கடைசி நாள். தியேட்டரின் பேஸ்புக் பக்கத்தில் காலை 10.30 என்று போட்டிருந்தார்கள்.*

* "ஒருக்காக் கோல் எடுத்துக் கேட்டிருக்கலாமே" என்று கிளம்புகிறவர்களுக்காக இந்த அடிக்குறிப்பு. கேட்டாள். "ஓம், பத்தரைக்குத்தான்" என்றார்கள். (கைத்தொலைபேசியில் காட்டலாமே என்கிறீர்களா? படத்தின் பிரதி அவளிடம் இல்லை. வெளியிட்டவர்கள் கொடுக்கவில்லை.)

3

வாப்பா கடையைப் பூட்டிவிட்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். படத்தின் முடிவில் "ஒலிப்பதிவு: ஷப்னா சாஹுல் ஹமீட்" என்று எழுத்து ஓடும். தன் பெயர் திரையில் வரப்போவது அவருக்குத் தெரியாது. ஷப்னா அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்.

கேற் பூட்டிக் கிடந்தது. முகாமையாளர் அந்தோனிமுத்து வெளியே வந்தார். (இவரைக் கெட்டவராக்க நாலு வரி எழுதி வெட்டிவிட்டேன். மனுசன் வாப்பாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டிருக்கிறார்.)

"பதினைஞ்சு பேராவது சேர்ந்தாத்தான் படம் போடுவம் தங்கச்சி. இல்லாட்டிக் கரண்ட் பில்லுக்கும் காணாது."

"அப்ப ஏன் பத்தரை எண்டு போட்டிருக்கிறியள்?"

"நேரம் போடாட்டி ஆக்கள் வரமாட்டினமே."

"வந்துதானே நிக்கிறம்!"

"மூண்டு பேர்."

மூன்றாவது ஆள், வெயிலுக்கு ஒதுங்கி நின்ற லொத்தர்ச் சீட்டுக்காரர்.

இந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பதினைந்து பேர் வேண்டுமென்றால், பதினைந்து பேர் வேண்டுமென்று போட்டுத் தொலையுங்களேன்! அந்த ஒரு வரி இருந்திருந்தால் ஷப்னா முசலியிலிருந்தே பதினைந்து பேரை பஸ்ஸில் ஏற்றியிருப்பாள்.

அவள் வாசல் பலகையடியில் கிடந்த வெண்கட்டியை எடுத்து, பலகையில் இருந்த 10.30க்குக் கீழே "ஆள் சேர்ந்தால் மட்டும்" என்று எழுதினாள். அந்தோனிமுத்து கைலேஞ்சியால் அழித்தார். மறுபடி எழுதினாள். மறுபடி அழித்தார். வாப்பா கதிரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

4

பஸ் நிலையத்தில்தான் வாய் திறந்தார்.

"நான் படம் கூடாது எண்டு சொல்ல வரேல்ல மகள். சொன்ன நேரத்துக்கு ஒரு படத்தை ஓட்ட ஏலாத ஆக்கள், சொன்ன நேரத்துக்கு உன்னை வீட்டை கொண்டுவந்து விடுவாங்களோ?"

"அது வேற ஆக்கள் வாப்பா! இவங்கள் தியேட்டர்காரர்!"

"எனக்கு எல்லாரும் ஒண்டுதான்."

எவனோ போட்ட பொய் யார் தலையில் விடிந்தது, பார்த்தீர்களா? இதற்கு எவனும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது.

5

முடிவு ஒன்று: அடம்பனிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து திமுதிமுவென்று ஆட்கள் இறங்கித் தியேட்டர் பக்கம்—

ஷப்னா வாசித்தாள். "நீங்களும் பொய்க்கு ஆள் சேர்க்கிறியளோ அக்கா?" வெட்டிவிட்டேன்.

முடிவு இரண்டு: விடிவதற்குள் ஷப்னா ஒரு பையோடு யாழ்ப்பாண பஸ்ஸில்—

"வாப்பாட்டச் சொல்லாமப் போறதெண்டா எப்பவோ போயிருப்பன்." அதையும் வெட்டினேன்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். படம் மன்னாரை விட்டுப் போய்விட்டது. பேஸ்புக்கில் மட்டும் இன்னும் 10.30 என்றே கிடக்கிறது.

மூன்றாவது முடிவை நீங்கள் எழுதுங்கள். வாப்பாவைச் சம்மதிக்க வையுங்கள், வைக்காமல் விடுங்கள், உங்கள் விருப்பம். ஆனால் அதில் ஒரு நேரத்தைப் போட்டீர்களென்றால், அந்த நேரத்துக்குக் கதவைத் திறந்துவிடுங்கள். வாப்பா வெள்ளைச் சட்டையோடு வெளியே நிற்பார்.