கோர்ட்டுக்காரர் பார்த்த மூன்று படங்கள்

அந்த வீட்டில் படம் பார்ப்பது என்றால் வாயை மூடிக்கொண்டு பார்ப்பது அல்ல. சனிக்கிழமை சாயங்காலம் டிவிக்கு எதிரே ஆளுக்கொரு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள் என்றால், நடிகர்கள் பெயர் ஓடி முடிவதற்குள் அபிப்பிராயம் வர ஆரம்பித்துவிடும்.

வீட்டின் மூத்த பிள்ளைக்குப் பல்லண்ணன் என்று தெருவில் பெயர். பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை. பார்வையெல்லாம் வாய்க்குள்ளேயே இருக்கும். "எழுபது வயசுக் கிழவனாம். கீழ்ப்பல்லைப் பாரு, ஒண்ணுகூடத் தேயல" என்பார். திரைச்சீலை தைத்து விற்கும் அவர் மனைவிக்குக் கண் துணிமேல். "தொப்பலா நனைஞ்சு வந்தா, கதவைத் திறக்கறதுக்குள்ள காய்ஞ்சிடுச்சு. எங்க வாங்கினாளோ அந்தச் சட்டையை." அம்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் கிடையாது. முதல் காட்சியிலேயே கெட்டவன் யார் என்று முடிவு கட்டிவிட்டு, படம் முடிகிறவரை அவனைத் திட்டித் தீர்ப்பாள். அவன் கடைசியில் நல்லவன் என்று தெரிந்தால், கதை எழுதினவனுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

இந்த வீட்டுக்குத்தான் பல்லண்ணனின் தங்கை, தனக்குப் பிடித்த ஒருவரைக் கூட்டிவர வேண்டியிருந்தது.

அவள் கோர்ட்டில் நகல் பிரிவில் டைப் அடிப்பவள். அங்கே சுருக்கெழுத்தாளராக இருக்கிறவரைப் பிடித்திருப்பதாக ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். சாட்சியும் வக்கீலும் நீதிபதியும் பேசுவதை ஒரு சொல் விடாமல் எடுப்பது அவர் வேலை. அப்பா போன பிறகு அந்த வீட்டில் பல்லண்ணன் வைத்ததுதான் சட்டம். "நீ சரின்னாத்தான் அண்ணா. இல்லேன்னா வேண்டாம்" என்றாள் தங்கை. சொன்னால் சொன்னபடி நடக்கிறவள். அதனாலேயே பல்லண்ணனுக்குத் தலையில் பாறாங்கல்லை வைத்தாற்போல் ஆயிற்று.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். "சம்பளத்தை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கலாம். குணத்தை எங்க போய் விசாரிக்கறது? கூட உட்கார்ந்து படம் பாத்தா, எங்க சிரிக்கிறான், எங்க கண் கலங்குதுன்னு தெரிஞ்சுபோகும். சனிக்கிழமை வரச் சொல்லு."

வந்தார். செருப்பைச் சுவரோரம் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, காட்டிய நாற்காலியில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்தார். அன்றைக்கு ஒரு திருடனைப் பற்றிய சிரிப்புப் படம். பல்லண்ணன் படத்தை அரைக்கண்ணாலும் வந்தவரை ஒன்றரைக் கண்ணாலும் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவரின் உதடு ஓரிரு தடவை அசைந்தது. அது சிரிப்பா, கொட்டாவியா என்று சொல்ல முடியவில்லை.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்."

"சார் எல்லாம் எதுக்கு, இங்க யாரும் ஜட்ஜ் இல்ல. எது நல்லா இருந்துச்சு?"

"எல்லாமே."

அடுத்த வாரம் அழுகைப் படம். பிள்ளைக்காகக் காத்திருந்தே ஒரு தாய் செத்துப்போகிறாள். மனைவியின் முந்தானை நனைந்தது. பல்லண்ணனே மூக்கை உறிஞ்சினார். கேட்டபோது, வந்தவர் "நல்லா இருந்துச்சுங்க" என்றார்.

அவர் போனபின் பல்லண்ணன் மனைவியிடம் பொருமினார். "மரக்கட்டைகூட ஈரம் பட்டா உப்பும். இந்தக் கோர்ட்டுக்காரருக்கு அதுவும் இல்ல."

"கூச்சமா இருக்குங்க, பாவம். நீங்க வேற பல்லைப் புடுங்கற மாதிரி கேக்கறீங்க."

"நான் பல்லைக் கட்டறவன், புடுங்கறவன் இல்ல. நாளைக்கு இவ ஏதாவது ஆசையா கேப்பா. அந்த மனுஷன் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு எழுந்து போவாரு. ஆயுசு பூரா சுவரைப் பாத்துக்கிட்டா குடும்பம் நடத்துவா?"

மனதுக்குள் முடிவே செய்துவிட்டார். ஆனாலும் தங்கையிடம், "இன்னும் ஒரு வாரம் பாப்போம். அதுக்கப்புறம் நான் சொல்றதைக் கேக்கணும்" என்றார். அவள் தலையாட்டிவிட்டுத் துணி மடிக்கப் போனாள். மடித்து வைத்த துண்டையே உதறி மறுபடி மடித்ததை அவர் பார்க்காமல் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு கொலைப் படம். பெரிய பங்களா, செத்துக் கிடக்கும் முதலாளி, சந்தேகப்பட ஆட்கள் பத்துப் பேர். வீட்டில் இருந்தவர்களுக்கு வேறென்ன வேண்டும்? அம்மா முதலாளியின் மருமகன்மேல் பழி போட்டாள். மனைவி சமையல்காரியின் ஏப்ரனில் இருந்த கறையைப் பிடித்துக்கொண்டாள். பல்லண்ணன் டாக்டரைச் சந்தேகப்பட்டார், காரணம், பல். படம் முடிந்ததும் அவரே டிவியை அணைத்தார்.

"தம்பி, நேராவே கேக்கறேன். கொலை பண்ணது யாரு?"

கோர்ட்டுக்காரர் "தெரியலைங்க" என்றார்.

"முழுசா உட்கார்ந்து பாத்தீங்களே?"

"பாத்தேன். கேக்கத்தான் முடியல."

அம்மா பதறிப்போனாள். "காது மந்தமாப்பா?"

"நல்லாவே கேக்கும்மா. அதுதான் வினை. நாலு பேர் ஒரே நேரத்துல பேசினாலும் ஒருத்தரையும் விடாம எடுத்தாகணும், எங்க வேலை அப்படி. எதிர்ல மனுஷங்க பேசினா காது தன்னால அங்க போயிடுது. டிவி அப்புறம் எங்கேயோ ஓடுது."

"அப்ப மூணு வாரமா எதைக் கேட்டீங்க?"

"உங்களை."

பல்லண்ணனுக்குச் சுருக்கென்றது. கிண்டல் பண்ணுகிறாரோ? அந்த முகத்தில் கிண்டல் இல்லை. "எங்க, சொல்லுங்க பாப்போம்" என்றார்.

கோர்ட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோர்ட்டில் படித்துக் காட்டுகிற ஏற்ற இறக்கமில்லாத குரலில் ஆரம்பித்தார்.

"முதல் வாரம். அம்மா: இவன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. நீங்க: மேல்பல் ரெண்டும் கட்டினது, திருடனுக்கு ஏது அவ்வளவு வசதி. அக்கா: திருடின காசுலதான் கட்டியிருப்பான்."

"ஐயோ, நான் சொன்னேனா?" என்று மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இதையெல்லாம் வெளியில சொல்லிடாதப்பா" என்றாள் அம்மா.

தங்கை பக்கம் கையைக் காட்டினார் கோர்ட்டுக்காரர். "அவங்க: எனக்கு அந்தத் திருடனைப் பாத்தா... முடிக்கல. நீங்க: இன்னொரு டீ கிடைக்குமா. ரெண்டாவது வாரம். அவங்க: அந்த அம்மா கதவை ஏன்... முடிக்கல. அம்மா: ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை. இன்னிக்கு. அவங்க: கொலை பண்ணது அந்த... முடிக்கல. நீங்க: டாக்டரோட கடைவாய்ப்பல்லைப் பாரு."

அதோடு நிறுத்தினார். யாரையும் குற்றம் சொல்கிற தொனி இல்லை. எடுத்ததைப் படித்தார், அவ்வளவுதான். "படத்தைப் பத்திச் சொல்ல எங்கிட்ட ஒண்ணும் இல்லைங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க."

சோற்றில் கல் கடிபட்டாற்போல் இருந்தது பல்லண்ணனுக்கு. "எங்க வீட்லயே அவ ஒருத்திதான் அமைதி" என்று தங்கையைப் பற்றிப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பக்கத்தில் இருந்த தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"யாருன்னு சொல்ல வந்தே?"

"விடுண்ணா. படம்தான் முடிஞ்சு போச்சே."

"பரவாயில்ல, சொல்லு."

அம்மா எதற்கோ வாயைத் திறந்தாள். மருமகள் அவள் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"அந்த வாட்ச்மேன்" என்று தங்கை மெதுவாக ஆரம்பித்தாள். "எல்லாரும் கத்திக்கிட்டு ஓடறாங்க. அவன் மட்டும் ஜன்னலைச் சாத்தறான். மழை வரல, காத்து வரல. எதுக்குச் சாத்தறான்? கடைசியிலதான் அவன்னு காட்டினாங்க, எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா அவன்மேல கோபம் வரலண்ணா. அத்தனை வருஷம் வாசல்லயே நின்னிருக்கான், ஒருத்தர்கூட அவன் முகத்தைப் பாத்துப் பேசல."

வாட்ச்மேனுக்கு முன்பல் ஒன்று கோணல் என்பது பல்லண்ணனின் நாக்கு நுனிவரை வந்தது. டீயோடு சேர்த்து அதையும் விழுங்கினார்.

அவள் நிறுத்தவில்லை. போன வாரப் படத்துக்குப் போனாள். "அந்த அம்மா கதவைத் திறந்தே வெச்சிருந்தது மகன் வருவான்னு நீங்கல்லாம் அழுதீங்க. எனக்கு அப்படித் தோணல. அவங்களுக்கே எங்கேயாவது போகணும்னு ஆசை. தைரியம் வரல, அதான் தினமும் திறந்து வெச்சுப் பாக்கறாங்க." அதற்கு முந்தைய வாரத்துத் திருடனையும் விடவில்லை. அண்ணன் விழுந்து விழுந்து சிரித்த காட்சி தனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு சொன்னாள். கோர்ட்டுக்காரர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். ஒரு இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பல்வரிசை நன்றாகத்தான் இருந்தது.

"இவளுக்கு இவ்வளவு பேச வருமா?" என்று அம்மா மருமகளின் காதில் கேட்டாள். அது எல்லோருக்கும் கேட்டது.

பல்லண்ணன் எழுந்து, ஆறிப்போன டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். அடுக்கியபடியே சொன்னார்: "தம்பி, அடுத்த சனிக்கிழமை உங்க அப்பா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

"சரிங்க. என்ன படம்?"

"படமெல்லாம் கிடையாது. கல்யாணத் தேதி பேசணும்."

அவ்வளவுதான். அறுவடை முடிந்து, வெயில் குறைந்த பிறகு வைத்தால்தான் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று அம்மா தொடங்கினாள். ஜோடிக்கு எத்தனை ஜன்னல் உள்ள வீடு பார்க்க வேண்டும், என்ன நிறத்தில் திரைச்சீலை என்று மனைவி கூடவே தொடங்கினாள். கோர்ட்டுக்காரரின் கண் இருவருக்கும் நடுவே போய்ப் போய் வந்தது. அந்த இரைச்சலுக்குள் தங்கையின் உதடு பிரிந்ததைப் பல்லண்ணன் கவனித்தார்.

"கொஞ்சம் இருங்க" என்றார். "அவ ஏதோ சொல்றா."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அவ்வளவு நாள் எதுக்கு?" என்றாள் தங்கை. "அடுத்த மாசமே வெச்சுக்கலாம்."