கோர்ம் பெயரில் ஓர் அனுமதி

புதிய சர்வர் வந்த வாரம், நிலையத்தில் என்னோடு வேலை பார்க்கும் கோர்ம் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"டாக்னி, பழைய புரோகிராமுக்கு அழிக்கிற அனுமதியும் சேத்துக் குடுத்துடு. இல்லன்னா அது முரண்டு பிடிக்கும்."

எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் சந்தேகப்பட்டேன்.

எங்கள் நிலையம் ஊருக்கெல்லாம் குழாய் வழியே சுடுநீர் அனுப்பி வீடுகளைச் சூடாக வைக்கிறது. எங்காவது கசிந்தால் வீட்டு மீட்டர் அலாரம் அனுப்பும்; பழைய புரோகிராம் அதைப் பதிந்துகொண்டு, பணியில் இருப்பவரின் போனை அழைக்கும். ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை மாலை இங்கெர் என்பவர் வீட்டில் குழாய் வெடித்து, விடிவதற்குள் தரைப்பலகைகள் ஊறி எழும்பிவிட்டன. மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஒருவரும் வரவில்லை என்றார் அவர். அலாரம் வரவே இல்லை என்றோம் நாங்கள். எங்கள் பதிவில் இல்லை. புதிய சர்வர் வந்த வாரத்துக்கு அடுத்த திங்களன்று நிர்வாகக் குழு கூடி, அவர் சொல்வது பொய் என்று முடிவு செய்யவிருந்தது.

பழைய பதிவுகளைப் புதிய சர்வருக்கு மாற்றும்போது அந்த வியாழனின் அலாரங்களை மட்டும் வரிசை எண்படி சரிபார்த்தேன். அதில் ஓர் எண் இல்லை. அழிக்கப்பட்டிருந்தது. அழித்த பயனர்: கோர்ம். அன்று பணியில் இருந்ததும் கோர்ம்.

மாலை வகுப்பில்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டிருக்கிறேன். தப்பாகப் படித்திருப்பேனோ என்று மறுபடி பார்த்தேன். அதே பெயர். மேலாளர் விபெகாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததே இல்லை.

"இத ஏன் எங்கிட்ட மட்டும் சொல்ற? வெள்ளிக்கிழமை எல்லாரும் சேந்து சாப்பிடறப்போ மேசையில சொல்லு," என்றாள் விபெகா.

"உறுதியானதும் சொல்றேன்."

"உறுதியாகறதுக்கு முன்னாடியே கதவ சாத்திட்டியே."

பழைய புரோகிராம் கோர்மின் பெயரில்தான் சர்வருக்குள் நுழைகிறது. அதை நிறுவிய நாளில் அவர் தன் பெயரையே கொடுத்துவிட்டார். பிறகு எல்லோரும் அதிலேயே வேலை செய்தோம். யாருக்கும் அது உறுத்தவில்லை. இங்கே சைக்கிளைக்கூட யாரும் பூட்டுவதில்லை.

அந்தப் பெயருக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி கொடுத்தேன். அழிக்கும் அனுமதியைக் கொடுக்கவில்லை. யாராவது அழிக்க முயன்றால் குறித்து வைக்கும்படி சர்வருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவர் கணினி அருகே போகும்போதெல்லாம் என் கை தட்டச்சுப் பலகையில் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல ரொட்டியும் சீஸும் வைத்து மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். யாரும் கவனிக்காத அலாரம் ஒன்றுமில்லை என்று புரோகிராம் காட்டும். அதைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுவது எங்கள் பழக்கம். எல்லா வெள்ளியும் அது காலியாகவே இருக்கும். அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"டாக்னி, வெண்ணெய இங்க தள்ளு. என்னையே மொறச்சுப் பாத்தா ரொட்டி எறங்குமா?" என்றார் கோர்ம்.

அப்போது கணினி கீச்சிட்டது. திரையில்: *அனுமதி மறுக்கப்பட்டது. பயனர் கோர்ம். செயல்: அழித்தல்.*

கோர்ம் என் எதிரே, வெண்ணெய்க் கத்தியும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"நான் இங்கதான இருக்கேன்?" என்று எல்லோரையும் பார்த்தார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். வாரம் முழுக்க யாரும் ஏற்காத அலாரங்களைப் பொய் அலாரம் என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வெள்ளி காலையும் புரோகிராமே துடைத்துவிடுகிறது. இந்த முறை துடைக்க முடியாமல் இரண்டு அலாரங்கள் பட்டியலில் நின்றன.

மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன், நான் கதவைச் சாத்தியது உட்பட.

"அப்ப என்னைத் திருடன்னு நெனச்சே," என்றார் கோர்ம்.

"அழிக்கிற அனுமதி கேட்டீங்களே."

"புரோகிராமப் போட்டுக் குடுத்த கம்பெனிக்காரன் அத குடுக்கணும்னு சொன்னான், கேட்டேன். எதுக்குன்னு நானும் அவன கேக்கல. நீயும் என்ன கேக்கல."

அவர் மீது சந்தேகம் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் விபெகா ரொட்டியைக் கீழே வைத்தாள். "அப்படின்னா இங்கெரோட அலாரம் வந்திருக்கு. யாரும் எடுக்கல. அதனாலதான் அழிஞ்சிருக்கு."

அந்த அழைப்பு போயிருக்க வேண்டியது அன்று பணியில் இருந்த கோர்மின் போனுக்கு. அழிக்காதவர் என்று நான் நிரூபித்த அதே மனிதரை எல்லோரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"அந்த வியாழன் சாயங்காலம் கடல்ல குளிர்கால முழுக்குப் போடப் போயிருந்தேன்," என்றார் கோர்ம் மெதுவாக. "போன் பையில. மிஸ்டு கால் இருந்துச்சு, அத காலையிலதான் பாத்தேன். இங்க வந்து பட்டியலப் பாத்தா காலி. போனுக்குத்தான் என்னமோ ஆச்சுன்னு விட்டுட்டேன்."

"அப்புறம் தண்ணி புகுந்தது தெரிஞ்சப்போ?" என்று கேட்டாள் விபெகா.

"அப்பவும் பட்டியல்தான் நெஜம்னு நெனச்சேன். நெனைக்க வசதியா இருந்துச்சு."

அது முழு உண்மையா என்று எனக்கு இன்றும் தெரியாது. மிஸ்டு கால் பற்றி இத்தனை வாரம் அவர் வாயே திறக்கவில்லை.

விபெகா தொலைபேசியை எடுக்கப் போனாள். கோர்ம் அவள் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"இங்கெர்? நான் கோர்ம், நெலயத்துலேர்ந்து. நீங்க சொன்னதுதான் சரி. அலாரம் வந்துச்சு, எனக்குப் போனும் வந்துச்சு. நான்தான் எடுக்கல."

மறுமுனையில் இங்கெர் என்ன சொன்னாரோ, "திங்கக்கிழமை குழுவுலயும் இத நானே சொல்றேன்," என்றார் கோர்ம்.