ராகு காலத்தில் ஒரு மதர்போர்டு

என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், சேதுபதியை எனக்குப் பிடிக்காது. கல்யாணமான புதிதிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் அந்த வெள்ளிக்கிழமை காஜா பேராங்கிலிருந்த அவர் கடைக்குப் போனேன் என்றால், எனக்கு வேண்டிய சாமான் மலாக்காவிலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது என்பதுதான் காரணம்.

நான் வீட்டிலிருந்தபடியே கட்டட வரைபடங்கள் போடுகிறவள். கட்டப்போகும் வீட்டைக் கணினியில் முழுசாக எழுப்பிக் காட்ட வேண்டும். வெயில் எந்த ஜன்னலில் விழும் என்பது வரைக்கும் தெரிய வேண்டும். உஜோங் பாசிரில் வரிசை வீடுகள் கட்டும் ஒரு முதலாளி, தவுக்கே, என்னை நம்பி ஒரு வரிசைக்குப் படம் போடக் கொடுத்திருந்தார். பாதி வேலையில் என் மடிக்கணினி உயிரை விட்டது. “திங்கட்கிழமை படம் வந்தால் இனி எல்லா வீடும் உனக்கு. வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்” என்று தவுக்கே சொல்லிவிட்டார். அந்த வேறு ஆள் வந்துவிட்டால் நான் சேதுபதி கடைக் கல்லாவில் போய் உட்கார வேண்டும். இதை அண்ணன் தம்பி இரண்டு பேரும் என்னைக் கேட்காமலே பேசி முடித்திருந்தார்கள். குடும்பக் கடைக்குச் சம்பளம் என்ன சம்பளம் என்றும் அதே மூச்சில் முடிவாகியிருந்தது.

புதுக் கணினி வாங்க வசதியில்லை. செங்கில் ஒரு தொழிற்சாலை தன் வரைபடப் பிரிவை மூடியபோது, அங்கிருந்த பெரிய கணினிகளையெல்லாம் சேதுபதி லாரியில் அள்ளி வந்து, பிரித்து, துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தார். அந்தக் கணினிகளின் மதர்போர்டு இராப்பகலாக ஓடுவதற்கென்றே செய்தது. மெமரி சொருக வரிசையாக இடம் இருக்கும். பழசானாலும் சாதாரணப் புதுசை விட நன்றாக உழைக்கும். பிராசசர், மெமரி, பவர் சப்ளை எல்லாம் அங்கே இங்கே தேடிச் சேர்த்துவிட்டேன். போர்டு ஒன்றுதான் பாக்கி.

செங்கிலிருக்கும் எங்கள் வீட்டிலிருந்து காஜா பேராங் ஒன்றும் காத தூரம் இல்லை. காலையிலேயே கிளம்பியும் என் கணவர் ராஜரத்தினம் முதலில் வண்டிக்கு எண்ணெய் போட நிறுத்தினார். பிறகு டயருக்குக் காற்று. பிறகு ஒரு தே தாரிக் டீ. கண்ணாடிக் குவளையை ஊதி ஊதிக் குடித்தார். ஆகஸ்டு கடைசி, சுதந்திர நாளுக்குக் கடைக்குக் கடை கொடி தொங்கியது. அதையெல்லாம் எண்ணுகிறவர் மாதிரி வண்டியை உருட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கம்போங் செட்டி வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்த கடையில் இறங்கியபோது மணி பத்தரையைத் தாண்டியிருந்தது.

சேதுபதி நாள்காட்டிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

“வா கமலா. ராகு காலத்துல வந்து நிக்கிற?”

“ஒங்க தம்பியக் கேளுங்க மாமா.”

மேசையில் மூன்று போர்டுகள் இருந்தன. ஒன்றைத் துடைத்து, குமிழ்ப் பிளாஸ்டிக்கில் சுற்றிப் பெண் பார்க்க அலங்கரித்தது போல் வைத்திருந்தார். அதை என் பக்கம் தள்ளினார்.

“இது ஒனக்குன்னு எடுத்து வெச்சது. எடுத்துட்டுப் போ. பன்னண்டுக்கு மேல வீட்ல போட்டுப் பாரு.”

எங்கள் ஆட்கள் ராகு காலத்தில் புதிதாக வாங்கிய எதையும் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். பிரிட்ஜாக இருந்தாலும் சரி, மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் சரி. வெளிக் கடைக்காரனிடம் நல்ல நேரத்தில் போவோம். சொந்தக்காரன் கடை என்றால் நேரம் தப்பினாலும் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் நல்ல நேரம் பார்த்துப் போடுவோம். ஆனால் இந்தச் சொந்தக்காரன் கடைச் சுவரில் ‘வெளியே போன சாமான் திரும்ப எடுக்கப்படாது’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

“பன்னண்டு வரைக்கும் இங்கியே இருக்கேன். நீங்களே போட்டுக் காட்டுங்க.”

“பன்னண்டுக்குக் கடைய சாத்தறேன். ஜொகூர் போவணும். செவ்வாக்கெழமதான் தெறப்பேன்.”

செவ்வாய் என்றால் தவுக்கேயின் வேறு ஆள் வேலையைத் தொடங்கியிருப்பான். நான் பேச்சை நிறுத்திவிட்டுக் கைப்பேசி விளக்கைப் போட்டேன். அலங்காரப் போர்டில் பிராசசர் உட்காரும் இடத்து ஊசிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. ஆனால் மின்சாரம் ஏறும் முனையோரம் பழுப்பாக ஒரு தடம். யாரோ அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். மோந்து பார்த்தேன்.

“கருகின வாட வருது.”

“அழுக்குலா அது. பழைய சாமான்ல அழுக்கு இல்லாம சந்தனமா இருக்கும்?”

இரண்டாவது போர்டில் ஊசிகள் ஒரு பக்கமாகப் படுத்துக் கிடந்தன. அதை எடுத்த வேகத்தில் வைத்துவிட்டேன். மூன்றாவது தூசியும் சிலந்திக் கூடுமாக மேசையோரம் கிடந்தது. அளவில் பெரியது. ஊசிகள் நேராக இருந்தன. பவர் முனை என் பவர் சப்ளைக்குப் பொருந்துகிற சாதாரண முனை.

“அத ஏன் தொடற? எந்தக் கேசிங்லயும் ஒக்காராது அது.”

“பலகையில வெச்சு திருகிக்கறேன். மொதல்ல ஒங்க அழகிய பாப்போம்.”

பையிலிருந்து என் சாமான்களை எடுத்து மேசையில் வைத்தேன். அப்போதுதான் இரண்டு பேருக்கும் விஷயம் உறைத்தது.

“கமலா, வேணாம்” என்றார் என் கணவர். “ராகு காலத்துல போட்டா எதுவும் வெளங்காது.”

“நம்ம கல்யாணத்துக்கு நல்ல நேரந்தான் பாத்தாங்க.”

சேதுபதி எழுந்து நின்றார். அதற்குள் நான் பிராசசரை வைத்து, மெமரியைச் சொருகி, அவருடைய சோதனைத் திரையோடு சேர்த்துவிட்டேன். சுவிட்சைத் தட்டினேன். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. மறுபடி அரைச் சுற்று, மறுபடி நின்றது. செத்த போர்டு.

“பாத்தியா?” சேதுபதி மேசையில் ஓங்கித் தட்டினார். “நல்லா இருந்த போர்ட ராகு காலத்துல போட்டு ரோசாக் ஆக்கிட்ட. கெடுத்தது நீ. நீதான் இத எடுத்துட்டுப் போவணும்.”

“அண்ணன் சொல்றதும் நியாயந்தானே கமலா.”

வேலிக்கு ஓணான் சாட்சி. எனக்குக் கோபத்தில் காது சூடாகிவிட்டது. செத்த பிணத்தைச் சோடித்து என் தலையில் கட்டப் பார்த்ததும் இல்லாமல், கொன்றது நான்தானாம்.

“சரி மாமா. நான் கைய வெச்சா கெடும்னு சொல்றீங்க. இதையும் கெடுத்துப் பாக்கறேன்.”

தூசிப் போர்டை இழுத்தேன். புடவைத் தலைப்பால் சிலந்திக் கூட்டைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் அதில் மாற்றினேன். சுவிட்சைத் தட்டியதும் விசிறி சுற்றியது. நிற்கவில்லை. ஆனால் திரை இருட்டாகவே இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். இருட்டுதான்.

“இதுவும் போச்சு” என்று சேதுபதி சுவிட்சுக்குக் கையை நீட்டினார்.

“கைய எடுங்க.”

அவர் கையைத் தட்டிவிட்டேன். மூத்தார் கையைத் தொட்டுத் தள்ளியது அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்கு முன் இந்த மாதிரிக் கணினிக்கு முன்னால் உட்கார்ந்துதான் வேலை செய்தேன். இந்த ஜாதிப் போர்டு விழித்ததும் தன்னிடமுள்ள மெமரியையெல்லாம் ஒருமுறை தடவிப் பார்க்கும். காலையில் போட்டுவிட்டுப் போய்க் கோப்பி கலக்கிக்கொண்டு வந்தால்தான் படம் வரும். இது அவருக்குத் தெரியாமல் இருக்காது. அதனால்தான் அந்த அவசரம்.

ஒரு சின்னச் சத்தம் கேட்டது. திரையில் வெள்ளை எழுத்துகள் வரிசையாக இறங்கின.

“இத எடுத்துக்கறேன்” என்றேன்.

சேதுபதி என்னைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்தார். முகம் கறுத்துப் போயிருந்தது.

“என்னடா, பத்தரைக்கு மேல கூட்டியாறேன், போட்டுப் பாக்க விடமாட்டேன்னு நீதானே போன் பண்ண? நல்லது எதையும் வெளிய வெக்காதன்னு நீதானே சொன்ன? இப்ப நிக்கிற பாரு மரமாட்டம்.”

எண்ணெய், காற்று, தே தாரிக் எல்லாம் எனக்கு ஒவ்வொன்றாகப் புரிந்தது. சேதுபதி செய்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. பகையாளி பகையாளி வேலையைத்தான் செய்வான். ஆனால் ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து, “கவலப்படாத, அண்ணன்கிட்ட நல்ல போர்டா வாங்கித் தாரேன்” என்று முதுகைத் தடவிய மனுஷன் அல்லவா இது?

“கமலா, அது வந்து…”

“காடிச் சாவியக் குடுங்க.”

கொடுத்தார். போர்டுக்கு உண்டான பணத்தை மேசையில் வைத்துவிட்டு, போர்டைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் பின்னாலேயே வந்து மறுபக்கக் கதவைப் பிடித்தார்.

“நான் எப்படி வர்றது?”

“மாமாகூட ஜொகூர் போங்க.”

வண்டியை எடுத்தேன். வழியெல்லாம் அழுதேன், அதை மறைப்பானேன். வீட்டுக்கு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, பழைய அலமாரிக் கதவு ஒன்றைக் கழற்றி, அதில் போர்டை வைத்துத் திருகினேன். அவர் சாயங்காலம் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் அது நிற்காமல் ஓடியது. திங்கட்கிழமை தவுக்கே படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு அடுத்த வரிசைக்கான மனை அளவுகளை எடுத்து என் கையில் கொடுத்தார்.

அன்று மாலை என் கணவர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“கண்ட கண்ட ஆளுங்க ஒனக்கு போன் பண்றாங்க. அண்ணன் கடைன்னா நீ எங்க கண்ணு முன்னால இருப்பன்னு நெனச்சேன். அவ்வளவுதான். இப்பதான் வேல கெடச்சிருச்சுல்ல, இன்னும் என்ன கோவம்?”

“கெடைக்காம போயிருந்தா, போன் பண்ணதச் சொல்லியிருப்பீங்களா? இல்ல, ராகு காலம் கெடுத்துருச்சுன்னு என்னைய ஆயுசுக்கும் நம்ப வெச்சிருப்பீங்களா?”

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். நான் அடுத்த வீட்டின் முதல் சுவரை வரையத் தொடங்கினேன்.