பதிவேட்டில் இல்லாத இடம்

பையின் கிளிப் திறப்பேனா என்று அடம்பிடித்தது. அவர் இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், கடைசியில் பல்லால் கடிக்கவும் போனார். இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுது பார்த்த கை. பதினேழாவது மாடிக்கும் பதினெட்டுக்கும் நடுவில் சிக்கி நின்ற கூண்டை ஒற்றைக் கம்பியால் திறந்த கை. மனைவியின் முதுகுப்பையைத் திறக்க முடியவில்லை.

"ரெண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளணும் தம்பி" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்மணி. கையை நீட்டி ஒரு கிள்ளு. டக்கென்று விட்டது.

அதுவும் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

அந்தப் பெண்மணிதான் நடைக்குழுவின் தலைவி. தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எல்லாரும் போஸ்ட்டக்கா என்றார்கள். மூன்று வருடமாக வீட்டில் தினம் அடிபட்ட பெயர். ஆளை இன்றுதான் பார்க்கிறார். நேற்று மத்தியானம் அவளும் மனைவியும் இன்னும் இருவரும் மலையேறிக்கொண்டிருக்கும்போது மனைவி ஒரு பாறையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. ஃபோனில் இவ்வளவுதான் சொன்னார்கள். அவர் இரண்டு பஸ் மாறி இந்த அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர விடிந்துவிட்டது. இப்போது மனைவியின் உடல் தாழ்வாரத்தின் கடைசி அறையில் இருந்தது.

பைக்குள் கையை விட்டார். அடையாள அட்டையைத்தான் கேட்டிருந்தார்கள். தொப்பி, சுருட்டிய காலுறை, பாதி தின்ற பேரீச்சம்பழப் பொட்டலம், தண்ணீர் பாட்டில். பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். முக்கால்வாசி இருந்தது.

"தண்ணி இருந்திருக்கே" என்றார், யாரிடமும் இல்லாமல்.

டாக்டர் வந்தார். சின்ன வயதுக்காரர். "இதுக்கு முன்னாடி நெஞ்சு வலி, மூச்சுத்திணறல்னு ஏதாவது சொன்னாங்களா சார்?"

"இல்ல" என்றார் அவர்.

"ரெண்டு மாசமா இருந்துச்சு" என்றாள் போஸ்ட்டக்கா, அதே சமயத்தில்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, போஸ்ட்டக்கா சொன்னதை எழுதிக்கொண்டார்.

அவருக்கு முகம் சூடேறியது. உண்மையில் மனைவி அவரிடமும் சொல்லத்தான் செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டே. ஏறும்போது ரொம்ப மூச்சு வாங்குதுங்க என்றாள். மலை ஏறினா மூச்சு வாங்காம பாட்டா வரும் என்றார் இவர். அவளும் சிரித்தாள். சிரித்தாளா? சிரித்த மாதிரிதான் ஞாபகம்.

எழுத்தர் மேசைக்குக் கூப்பிட்டார். படிவத்தில் இறந்த இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"மலை மேலன்னா எந்த இடம்?"

"மூணாவது பெருமூச்சு" என்றாள் போஸ்ட்டக்கா.

"என்னது?"

"நாங்க நின்னு நின்னு போற இடத்துக்கெல்லாம் அப்படிப் பேர் வச்சிருக்கோம் சார். முதல் பெருமூச்சு, ரெண்டாவது, மூணாவது."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். "பெருமூச்செல்லாம் ரெக்கார்டுல இல்லம்மா. மலையோட இந்தச் சரிவுன்னா எங்க ஊர் போலீஸ் ஸ்டேஷன், அந்தச் சரிவுன்னா வேற ஸ்டேஷன். இடத்தைப் பார்த்து எழுதாம பிரேதப் பரிசோதனைக்குக் கையெழுத்து போட மாட்டாங்க. வனக்காவலர் கூட ஆள் போய்க் காட்டிட்டு வரட்டும்."

"நேத்தே கேட்டிருக்கலாமே சார். ராத்திரி பூரா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" அவர் குரல் தாழ்வாரத்தில் மோதித் திரும்பியது.

"கத்தாதீங்க சார். இது ஆஸ்பத்திரி."

ஃபோன் அடித்தது. மகள். "அப்பா, நான் வீட்டுக்கு வந்துட்டேன். அம்மாவ எப்பப்பா கொண்டு வருவீங்க?"

"வந்துருவோம்."

"எப்ப?"

"வந்துருவோம்னு சொல்றேன்ல!" என்று கத்திவிட்டு, அவள் அழ ஆரம்பிப்பது கேட்பதற்குள் அணைத்தார்.

"நானும் வரேன்" என்றார், ஜீப்போடு வந்து நின்ற வனக்காவலரிடம்.

"நீங்க எதுக்கு சார்? இந்தம்மா காட்டினா போதும். அந்த வெயில்ல..."

"வரேன்னேன்."

ஜீப் அரை மணி நேரம் குலுங்கிப் போய், ரோடு முடிந்த இடத்தில் நின்றது. அதற்கு மேல் கால்தான். மரம் என்று சொல்ல ஒன்றுமில்லை. முள்ளும் செம்பாறையும், பின்னால் திரும்பினால் கண்ணுக்கெட்டிய வரை மணலும். பாறைகளில் அங்கங்கே மஞ்சள் பெயிண்டில் அம்புக்குறி. வழி தவறக்கூடிய இடங்களில் கல்லின் மேல் கல்லாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

அவர் வேலைக்குப் போடும் இரும்பு முனை பூட்ஸோடு வந்திருந்தார். காலுக்கு அரைக் கிலோ கூடுதல். சரளைக்கல் காலடியில் உருண்டது. பிடிக்கக் கம்பியில்லை, படியில்லை, முறுக்கிச் சரிசெய்ய ஒரு திருகு இல்லை. நீங்க ஊரையே மேல ஏத்தி விடுறீங்க, நான் என் காலால ஏறிக்கிறேன் என்பாள் மனைவி. அப்படி என்னதான் இருக்கிறது இங்கே? காசு கொடுத்தாலும் ஒருத்தன் வருவானா?

"இது முதல்" என்றாள் போஸ்ட்டக்கா ஒரு வளைவில். அவர் நிற்கவில்லை. இரண்டாவதிலும் நிற்கவில்லை. காவலர் நின்று தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்து சேர்ந்துகொண்டார்.

மூன்றாவதில் அவள் தானாக நின்றாள்.

ஒரு தட்டைப் பாறை. கட்டில் அகலம். பக்கத்தில் நேற்று ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் விட்டுப்போன கயிற்றுத் துண்டு. காவலர் ஒரு கருவியை வானத்துக்குக் காட்டி, எண்களைக் குறித்துக்கொண்டார். "நம்ம ஸ்டேஷன்தான்" என்றார் திருப்தியாக.

"எங்க உக்காந்தா?" என்று கேட்டார் அவர்.

போஸ்ட்டக்கா காட்டினாள்.

"நீங்க எங்க இருந்தீங்க?"

"முன்னாடி. நீங்க போங்க, பின்னாலயே வரேன்னா. எப்பவும் அப்படித்தான் சொல்லுவா. ரெண்டு நிமிஷத்துல வந்துருவா. ஒரு அம்பது அடி போயிருப்போம்."

"நெஞ்சு வலின்னு தெரியும். ரெண்டு மாசமா தெரியும். தெரிஞ்சும் விட்டுட்டுப் போனீங்க."

"டாக்டரைப் பாருன்னு நூறு தடவை சொன்னேன் தம்பி. பார்த்துட்டேன், வாயுன்னு சொல்லிட்டாருன்னா."

"எந்த டாக்டரையும் பார்க்கல அவ. எனக்குத் தெரியாதா?" சொன்ன பிறகு, தனக்கு என்ன தெரியும் என்ற யோசனை வந்து அவர் வாயை அடைத்தது. அதனாலேயே இன்னும் கோபமாகக் கேட்டார். "அம்பது அடிதானே? ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீங்களா?"

காவலர் கருவியை அணைத்து வேறு பக்கம் பார்த்தார்.

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

"பார்க்கல" என்றாள் போஸ்ட்டக்கா. "பேசிட்டே போயிட்டோம். கடைத்தெருவுல புதுசா வந்த செருப்புக் கடையைப் பத்தி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். செருப்புக் கடை என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். ஒரு கல்லை எட்டி உதைத்தார். அது இரண்டு முறை துள்ளிச் சரிவில் போய், எங்கோ கீழே சத்தமில்லாமல் நின்றது.

பிறகு போய்ப் பாறையில் உட்கார்ந்தார். அவள் உட்கார்ந்த இடம் என்று காட்டியதற்குச் சற்றுத் தள்ளி. பாறை சுட்டது. இங்கிருந்து ஏதாவது பிரமாதமாகத் தெரியுமோ என்று பார்த்தார். மணல், வெயில், தூரத்தில் தகரக் கூரை மாதிரி மின்னிய ஏதோ ஒன்று. அவ்வளவுதான். இதற்காகவா என்று கேட்க அவள் இல்லை.

"போலாமா சார்?" என்றார் காவலர். "மூணு மணிக்குள்ள பேப்பர் போகணும். இல்லைன்னா நாளைக்குன்னுடுவாங்க."

இறங்குவது ஏறுவதை விடக் கஷ்டமாக இருந்தது. காவலர் முன்னால், அவர் நடுவில், போஸ்ட்டக்கா கடைசி. பாதை குறுகி ஒரு ஆள் அகலமான இடத்தில் எதிரே ஐந்தாறு பேர் ஏறிக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தது ஒரு பருமனான பெண். முகம் சிவந்திருந்தது, கழுத்தில் ஈரத்துண்டு. இரும்பு முனை பூட்ஸைப் பார்த்து அவரையும் ஒரு நடைக்காரர் என்று நினைத்துவிட்டாள்.

"அண்ணா, உக்கார்ற மாதிரி இடம் ஏதாவது இருக்கா மேல? இன்னும் எவ்வளவு தூரம்?"

காவலர் வாயைத் திறந்தார். அதற்குள் அவர் சொன்னார்.

"இருக்கு. இன்னும் ரெண்டு வளைவு. தட்டையா ஒரு பாறை வரும்."

"ரொம்ப தேங்க்ஸ்ணா."

அவர் மலைப்பக்கம் ஒதுங்கி, முதுகைப் பாறையோடு ஒட்டவைத்து நின்றார். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். ஒருத்தியின் பை அவர் சட்டையில் உரசியது. கடைசியாக வந்தவர் கைத்தடி ஊன்றிய வயதானவர். நிதானமாக, கல் பார்த்துக் கல் பார்த்து வந்தார். அவர் கடந்து போகும்வரை இவர் அப்படியே நின்றார்.