வளையம் மாற்றிய பத்துக் கோழிகள்

...இன்னும் அரை மணி நேரம், அதுவரை தட்டைத் தொடக் கூடாது, மூச்சைக்கூட மெதுவாக விட வேண்டும், ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கோழிச் சீரம், கொஞ்சம் செத்துப்போன பறவைக் காய்ச்சல் வைரஸ், மேலே ரத்த அணுக்கள்... கோழிக்கு எதிர்ப்புப் பொருள் இருந்தால் அணுக்கள் குழியடியில் சிவப்புப் பொத்தானாகச் சேரும், இல்லாவிட்டால் போர்வை மாதிரி விரிந்து நிற்கும், இன்று எல்லாம் தாறுமாறாக வரும், வர வேண்டும், அதற்குத்தானே நான்கு வாரமாக நல்ல பிள்ளையாக இருக்கிறேன். எதிர் மேசையில் சீனியர் அக்கா நகம் கடிக்கிறாள், அவளுடைய பட்டமே இந்தத் தட்டில் இருக்கிறது... கடி அக்கா, நன்றாகக் கடி. தாய்க்கோழி மஞ்சள்கரு வழியாகக் கொடுத்தனுப்பும் எதிர்ப்பு, குஞ்சுக்கு முதல் நாள் போடும் தடுப்பூசியைத் தின்றுவிடும், மூன்று வாரம் கழித்துப் போட்டால்தான் பிடிக்கும் என்று முதலில் சொன்னது யார்? நான், கேன்டீனில், இரண்டு தேநீர்க் கோப்பைகளை வைத்து. கருத்தரங்கில் மேடையேறிச் சொன்னது யார்? அதோடு விட்டாளா, என்னைக் கைகாட்டி, “இந்தத் தம்பிதான் எனக்குக் கோழி புடிச்சுக் குடுத்தான், கைதட்டுங்க” என்றாள், தட்டினார்கள், அன்றிலிருந்து விடுதியில் என் பெயர் கோழிபிடி, மெஸ்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

கோழியின் உடம்பு ஒரு கிருமியை முதன்முதலில் பார்த்தால் திணறும், ஆனால் ஆளை மறக்காது, மறுமுறை வந்தால் வெளுத்து வாங்கும்... கோழி செய்தால் நோய் எதிர்ப்பு, நான் செய்தால் மட்டும் அற்பத்தனமா? முதல் நாள் ஊசிக்கு நீல வளையம், மூன்றாம் வார ஊசிக்குச் சிவப்பு, எல்லா ஊசியும் முடிந்த மறுநாள் மத்தியானம் கொட்டகைக்குள் போய்ப் பத்துக் கோழிகளின் கால் வளையத்தை மாற்றினேன், ஒன்று மட்டும் கொத்தியது, மற்ற ஒன்பதும் என் கட்சி.

மணி அடித்தது, தட்டைச் சாய்த்தேன். சிவப்பு வளைய வரிசை முழுக்கப் பொத்தான், நீல வளைய வரிசையில் ஒன்றுகூட இல்லை... அச்சடித்த மாதிரி, நான் சொன்னது சொன்னபடியே, அடடா என்ன அழகு, என் யோசனைடா இது என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன்... பிறகுதான் அந்தப் பத்து வளையம் நினைவுக்கு வந்தது. எப்படிச் சரியாக வரும்?

“வளையமெல்லாம் சரியா இருந்துச்சாக்கா?” கேட்டது நானா, என் வாயா?

“வளையத்த யாருடா பாத்தா? பொறந்த நாள்லேருந்து வளக்கறேன், ஒவ்வொண்ணோட மூஞ்சியும் தெரியும். பத்து மாறியிருந்துச்சு, அன்னிக்கு சாயங்காலமே திருப்பி மாட்டிட்டேன்.” தட்டைப் பார்த்தபடியே சொன்னாள். “அடுத்த கருத்தரங்குல நீயே பேசு. உன் யோசனைதானே.”

சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை... கொட்டகைச் சாவி இருப்பது அவளிடமும் என்னிடமும்தான், நான்கு வாரமாகத் தினம் என்னோடுதான் தேநீர் குடித்தாள், ஒரு வார்த்தை கேட்டாளா? இது மன்னிப்பா, மன்னிப்புக் கேட்பதா, இல்லை மேடையில் நிற்கவைத்து... பிடிபட்டால் என்னென்ன கேட்கலாம், மூஞ்சிக்கு நேரே எப்படிக் கத்தலாம் என்று வரிவரியாகத் தயார்செய்து வைத்திருந்தேனே, அதையெல்லாம் இப்போது எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது...