கிண்ணமாகிவிட்ட போர்வை

என் கணவர் ஓய்வுபெற்ற மறுநாளே எங்கள் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்தார். யாரும் அவரை நேர்காணலுக்கு அழைக்கவில்லை. டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கினார். உப்பு இருந்த இடத்தில் உப்பு டப்பாவின் உயரமுள்ள வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது. அடுத்து துணி அலமாரி, அதற்கடுத்து குளியலறைக் குழாய். ஒவ்வொன்றையும் சீர்செய்து முடித்ததும், "இத்தனை வருஷம் இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் சமாளிச்சியோ" என்பார். குத்தலாகச் சொல்வதில்லை. உண்மையான இரக்கத்தோடு சொல்வார். அதுதான் தாங்காது.

அவர் கை படாமல் மிஞ்சியது பின்னறை ஜன்னலோரம் மட்டும். அங்கே எனக்கு ஒரு நாற்காலி, ஒரு பிஸ்கட் டின், மதியச் சாப்பாட்டுக்கும் மாலைத் தேநீருக்கும் நடுவே கொஞ்சம் நேரம். டின்னில் ஊசி நூல், துணித்துண்டுகள், அறுகோணமாக வெட்டிய காகிதங்கள். காகிதத்தின் மேல் துணியைப் போர்த்தி, ஓரங்களைப் பின்னால் மடித்து, பெரிய தையலாக ஓட்டி நிறுத்த வேண்டும். அப்படி ஒன்றை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆறைச் சேர்த்துத் தைத்தால் ஒரு பூ. விளிம்போடு விளிம்பு சேர வேண்டும், நூல் முன்பக்கம் தெரியக் கூடாது. பூவைச் சுற்றி இன்னொரு வரிசை, அதைச் சுற்றி இன்னொன்று. ஒரு துண்டுக்கு ஆறு பக்கமும் அண்டை அயல் அமைந்துவிட்டால் அதன் காகிதத்தை உருவிவிடலாம். அதற்குமேல் அது தானே நின்றுகொள்ளும். இப்படியே வளர்ந்து ஒருநாள் போர்வையாகும். எப்போது ஆகும் என்று யாரும் கேட்டதில்லை. யாருக்கும் தேவைப்படாத வேலை ஒன்று கையில் இருப்பது எவ்வளவு பெரிய செல்வம் என்பது, எல்லோருக்கும் தேவைப்பட்டுக்கொண்டே இருப்பவளுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு அங்கே வந்தார். டின்னை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, ஆறு பக்கமா?"

"ஆமா."

"வாழ்க்கை முழுக்க ஆறு பக்கத்தைப் பார்த்தவன் வீட்டுல இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

தோன்றாமல் என்ன. சொல்லக் கூடாது என்றுதான் தோன்றியிருந்தது. நட்டு, போல்ட் செய்யும் தொழிற்சாலையில் அவர் அளவு சரிபார்க்கும் மேற்பார்வையாளர். தொழிலாளிகள் அவருக்கு 'ஸ்கேல் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நட்டுக்கும் ஆறு பக்கம் என்பதை நான்தான் மறந்துவிட்டேன்.

அளவுக்கருவியைக் கொண்டுவந்து என் காகிதங்களை இடுக்கிப் பார்த்தார். "ரெண்டு பக்கம்கூட ஒண்ணா இல்லையே."

"துணி ஒத்துப்போயிடும்."

"துணி ஒத்துப்போகும். அளவு ஒத்துப்போகுமா?"

மறுநாள் பின்னறையில் இரண்டாவது நாற்காலி இருந்தது. 

பொய் சொல்லக் கூடாது, அவர் கணினியில் வரைந்து, கடையில் கெட்டித்தாளில் அச்செடுத்து, இரும்பு ஸ்கேல் வைத்து வெட்டிய காகிதங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருந்தன. என்னுடையவை குப்பைக்கூடைக்குப் போயின. நான் தைப்பேன், அவர் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பார். நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை வரலாமா என்று தீர்மானிப்பார். "நேத்தைவிட இன்னைக்குக் குறைச்சல்" என்பார். ஜன்னலுக்கு வெளியே பார்த்தால், "என்ன நின்னுட்டே?" என்பார். நான் என் வீட்டுக்குள்ளேயே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

நடுப்பகுதி முடிந்தபோது காகிதம் தீர்ந்தது. அடுத்த கட்டுக் காகிதங்களை, மகன் விட்டுப்போன பழைய பிரிண்டரில் வீட்டிலேயே அச்செடுத்தார். அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம், எதைக் கொடுத்தாலும் தாளின் ஓரத்துக்குள் அடங்கும்படி கொஞ்சம் சுருக்கிவிடும். அவர் அளந்து பார்க்கவில்லை. வரைந்தது அதேதானே, பிறகு எதற்கு அளப்பது? முதல் நட்டை மட்டும் அளந்துவிட்டு மொத்தக் குவியலுக்கும் முத்திரை குத்தியவனை இவர் தொழிற்சாலையில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்.

எனக்கு முதல் துண்டிலேயே தெரிந்துவிட்டது. ஒரு முனையில் ஒழுங்காகத் தொடங்கிய விளிம்புகள் மறு முனையில் சேர்ந்து முடியவில்லை. கடையில் அச்செடுத்த பழைய காகிதத்தின் மேல் புதியதை வைத்தேன். சுற்றிலும் நகக்கீறல் அகலத்துக்குப் பழையது எட்டிப் பார்த்தது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் அப்போது, கவனம் என்றால் என்ன என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். குறுக்கே பேச மனம் வரவில்லை. பெரிய துணியைச் சின்ன விளிம்புக்குள் பதமாக அமுக்கி, நூல் தெரியாமல் தைத்தேன். அடுத்ததையும் அப்படியே. அந்த வரிசை முழுவதும் அப்படியே. ஏன் என்று அன்று என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சில காரியங்களைக் கை முதலில் செய்துவிடும், மனம் பிறகு வந்து சேரும்.

சில வரிசைகள் முடிந்ததும் கட்டிலில் விரித்துப் பார்த்தோம். அது படுக்க மறுத்தது. ஓரமெல்லாம் மேலே எழும்பி, பெரிய கிண்ணம்போல உட்கார்ந்திருந்தது. அவர் ஓரத்தை அமுக்கினால் நடு எழும்பும், நடுவை அமுக்கினால் ஓரம். கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகத்தை அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. பிறகு அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது.

"நீ நூலை இழுத்து இழுத்துத் தைச்சிருக்கே. அதான் சுருங்கியிருக்கு."

என் முந்தானை முடிச்சில் பழையதும் புதியதுமாக அந்த இரண்டு காகிதங்களும் இருந்தன. எடுத்துக் கட்டிலில் போட்டால் போதும். போட்டால் என்ன ஆகும்? ஒருநாள் சோர்ந்து கிடப்பார். மறுநாள் இரட்டை அக்கறையோடு எழுந்து வந்து, என் ஆயுள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு காகிதத்தையும் அளப்பார். இந்த வீட்டில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று, என் தையல். அவர் அதுவரை குறை சொல்லாமல் விட்டதும் அது ஒன்றைத்தான். அதைத்தான் இப்போது அவர் கேட்டார். பழியை அதன்மேல் ஏற்றுக் கொடுத்துவிட்டால் ஜன்னல் எனக்கு.

"ஆமாங்க. எனக்குக் கை இறுக்கம்தான்" என்றேன்.

அவருக்கு உயிர் வந்தது. "சரி விடு. எல்லாருக்கும் எல்லாமும் வராது" என்று என் தோளைத் தட்டினார். அந்த வாரமே மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து மேலே குடியேறினார். இரண்டாவது நாற்காலியும் மேலே போயிற்று.

பெருந்தன்மை என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அவர் தொலைபேசியில் ஒவ்வொருவரிடமும், "பாவம், அவளுக்குக் கை வரலை" என்று சொல்லும்போது ஊசி என் விரலுக்குள் ஏறும். விலை தெரிந்துதானே வாங்கினேன் என்று சொல்லிப் பார்ப்பேன். மனம் கேட்காது. ஜன்னலோரம் கிடைத்துவிட்டது, அங்கே உட்கார்ந்திருப்பவளைத்தான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அந்த இரக்கம் அதோடு நிற்கவில்லை. எனக்குக் கற்றுக்கொடுக்கத் தன் தங்கையை வரவழைத்துவிட்டார். என் நாத்தனார் தையல் கடை வைத்திருப்பவள். மெஷினை விட்டு அவளை எழுப்புவது லேசில்லை. வந்ததும் கிண்ணத்தைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். என் தையலை விரலால் நீவினாள். ஓரத்தில் இன்னும் உருவி எடுக்காமல் இருந்த காகிதம் ஒன்றைப் பிதுக்கி எடுத்தாள். டின்னிலிருந்து பழையது ஒன்றை எடுத்து அதன் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் காது சூடேறியது.

"என்ன, நான் சொன்னது சரிதானே?" என்றார் அவர் வாசலில் நின்று.

"சரிதாண்ணா. அண்ணிக்குக் கை ரொம்ப இறுக்கம்."

"நல்லா சொல்லிக்கொடு. நான் தொட்டிகிட்ட இருக்கேன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி மறைந்தது.

"இத்தனை பெரிய துணியை இத்தனை சின்னதுக்குள்ள நூல் தெரியாம அடக்கியிருக்கீங்களே அண்ணி. என்னால முடியாது இது."

அதைக் கேட்க எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள எழுந்து ஜன்னலைத் திறந்தேன்.

"உங்கண்ணன்கிட்ட சொல்லிடாதே."

"நான் எதுக்குச் சொல்றேன். எங்க வீட்டுக்காரர் அடுத்த மாசம் ரிடையர் ஆகுறார்."

அவள் கணவர் தலைமை ஆசிரியர்.

"போன வாரம் கடைக்கு வந்து மெஷின் பக்கத்துல நின்னுக்கிட்டு, 'எந்தச் சந்தேகம்னாலும் தயங்காமக் கேளு'ங்கறார் அண்ணி. தைக்கறது நான்." காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தச் சின்னது மீதி இருக்கா? பெருசு நானே வெட்டிக்கறேன், ரெண்டையும் கலந்து, இதைச் சேர்த்துத் தைங்கன்னு அவர் கையில கொடுத்துடறேன். கடைப் பக்கம் வர அவருக்கு நேரமிருக்காது."

டின்னைக் கவிழ்த்து, சின்னக் காகிதங்களைத் தனியாகப் பொறுக்கினேன். அவள் பையைத் திறந்து பிடித்தாள். பாதியைக் கொடுத்தேன்.

"மிச்சம்?"

"இருக்கட்டும்மா, எனக்கும் வேணும். தண்ணித் தொட்டி எத்தனை நாளைக்குத்தான் சாஞ்சிருக்கும்."