சரிவில் நட்ட வெட்டிவேர்

என் அக்காவுக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். அவள் வீடு மேட்டில், என் வீடு பள்ளத்தில். நடுவில் இருக்கும் சரிவு அவளுடையது. அதில் ஒரு புல் தலைகாட்டக் கூடாது. கொத்திப் பெருக்கி மொட்டை அடித்து, நாலு ரோஜாச் செடியை மட்டும் விட்டு வைத்திருந்தாள். மழை வந்தால் அந்த மண் எங்கே போகும்? நேராக என் தையல் அறைக்குத்தான் வரும். போன மழையில் பின்சுவர் விரிசல் விட்டு, தையல் மெஷின் பாதி சேற்றில் நின்றது. அந்த மெஷின்தான் எனக்குச் சோறு போடுகிறது. இன்னொரு மழையை அந்தச் சுவர் தாங்காது.

கேட்கப் போனேன். நல்ல மண், சும்மா கிடைக்கிறது, தொட்டியில் போட்டுக்கொள் என்றாள்.

மருமகளின் பிரசவத்துக்காக அவள் மகன் வீட்டுக்குக் கிளம்பிய மறுநாளே சரிவில் ஏறிவிட்டேன். அடுத்தவர் இடத்தில் கை வைக்காதே என்று என் வீட்டுக்காரர் தடுத்தார். அடுத்தவர் இடம்தான் நம் வீட்டுக்குள் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறதே என்றேன்.

எதை நடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். வாழை கனம், ஈரத்தில் தானும் சாய்ந்து மண்ணையும் இழுத்துக்கொண்டு வரும். சர்க்கரைவள்ளிக் கொடி சீக்கிரம் மூடும், ஆனால் கிழங்கு தோண்டினால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். கடைசியில் வெட்டிவேர் என்று முடிவு செய்தேன். அதுவும் புல்தான், ஆனால் பக்கவாட்டில் அலையாமல் நேரே கீழே இறங்குகிற வேர். மேலிருந்து கீழாக நட்டால் தண்ணீருக்கு நாமே வழிவிட்டதாகும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, நெருக்கமாக, வரிசை வரிசையாக நட்டேன். ரோஜாவைத் தொடவில்லை. அந்த மட்டும் நான் நல்லவள்தான்.

நாலைந்து மாதம் கழித்து அக்கா திரும்பி வந்தபோது புல் இடுப்புயரம். முந்தின நாள் முழுக்க மழை கொட்டியிருந்தது. என் அறையில் ஒரு பிடி சேறு இல்லை. அதையெல்லாம் அவள் பார்க்கவா போகிறாள்? யாரைக் கேட்டு நட்டாய் என்று மேலே நின்று குதித்தாள். யாரையும் கேட்கவில்லை, பிடுங்கினால் மறுபடி நடுவேன் என்று கீழே நின்று நானும் கத்தினேன்.

முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஒரு தூரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு. ஈர மண்ணில் கால் வழுக்கியது. குப்புற விழுந்து சறுக்கியவள், கையிலிருந்த தூரை விடாமல் இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். தூர் தாங்கியது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, பதறவும் செய்தது. ஏறிப் போய், அவள் கைக்கு எட்டாமல் நின்றேன்.

"கையைக் குடுடி."

"முதல்ல பிடுங்குக்கா. அதுக்குத்தானே வந்த?"

முறைத்தாள். கால் இன்னும் கொஞ்சம் வழுக்கியது. பிடி இறுகியது.

"சரி, இருந்து தொலையட்டும்" என்றாள்.

கையை நீட்டினேன். ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டாள். எழுந்து நிற்கிற வரைக்கும் இன்னொரு கையால் அந்தப் புல்லை அவள் விடவே இல்லை.